மருத மரத்தடி ஊற்று

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், கோடைக்குத் தப்பி ஒரே ஒரு குட்டைதான் எஞ்சியிருந்தது, குழந்தைகளே. அதன் ஒரு கரையில் புள்ளிமான்கள், மறுகரையில் காட்டுப்பன்றிகள்.

மான்களுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். பன்றிகளோ குடித்த கையோடு இறங்கிப் புரண்டு, குட்டையைச் சேறாக்கிவிடும். முறைப்பில் தொடங்கிய சண்டை ரத்தத்தில் போய் நின்றது. ஒரு மானுக்குத் தொடை கிழிந்தது. ஒரு பன்றிக்குக் கண் போனது.

"இப்படியே போனால் தண்ணீர் வற்றுமுன் நாம் தீர்ந்துவிடுவோம்" என்று இரு பக்கமும் பயந்தன.

பக்கத்துக் காட்டு யானைகள் வறண்ட ஆற்றிலும் ஊற்றுத் தோண்டிக் குடிப்பதாகவும், வந்து கேட்பவர்களுக்கு அந்த வித்தையைக் கற்றுத் தருவதாகவும் ஒரு மைனா சொல்லிற்று. இரு கூட்டமும் ஆளுக்கு ஒருவரை அங்கே அனுப்புவது என்று முடிவாயிற்று.

மான்கள் செவ்வியை அனுப்பின. அவள் கெட்டிக்காரி, ஆனால் யாரையும் நம்பமாட்டாள். பன்றிகள் கருமுகனை அனுப்பின. அவன் உழைப்பாளி, ஆனால் முன்கோபி. வழி நெடுக இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"விடியும் நேரத்தில் மணலை முகர்ந்து பாருங்கள்" என்றன யானைகள். "எங்கே குளிர்ச்சி ஏறுகிறதோ, எங்கே கொசுக்கள் மொய்க்கின்றனவோ, அங்கே அடியில் தண்ணீர் உண்டு."

செவ்வி அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். கருமுகனுக்கோ எங்கே முகர்ந்தாலும் கிழங்கு வாசனைதான் வந்தது.

"குழியின் வாயை அகலமாக விடுங்கள். நேராகப் பறித்தால் மணல் சரிந்து மூடிவிடும்."

இதைக் கருமுகன் பிடித்துக்கொண்டான். செவ்வி தன் மெல்லிய குளம்புகளைப் பார்த்தபடி வேறு யோசனையில் இருந்தாள்.

"கடைசிப் பாடம், கிடைத்த தண்ணீரை எப்படிப் பேசிப் பங்கிடுவது என்பது. இதுதான் கடினம்" என்றாள் யானைத் தலைவி.

"பேசுவதற்குமா பயிற்சி?" என்று செவ்வி கிளம்பிவிட்டாள். அவள் முந்திப் போய்விடுவாளோ என்று கருமுகனும் பின்னாலேயே ஓடினான்.

தங்கள் காட்டுக்குத் திரும்பிய மறுநாள் விடியலில், வறண்டு கிடந்த ஆற்றின் வளைவில் நின்ற மருத மரத்தடியில் செவ்வியின் மூக்கில் குளிர்ச்சி ஏறிற்று. மணலுக்கு மேலே கொசுக்கள் மொய்த்தன. அவள் நெஞ்சு துள்ளியது.

ஆனால் உடனே சந்தேகமும் வந்தது. 'இடத்தைச் சொன்னால் பன்றிகள் தோண்டும். தோண்டியதும் எங்களுடையது என்று உட்கார்ந்துகொள்ளும்.'

"அவர்கள் கேட்டால் என்ன சொல்வது, அக்கா?" என்றாள் தங்கை பூவி.

"மேட்டுப் பாறையோரம் என்று சொல்லிவிடுகிறேன்."

அப்படியே சொன்னாள். பன்றிகள் காலை முழுக்கப் பாறையோரத்தைக் கிளறின. மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். உச்சி வெயிலில் அவை களைத்துத் தூங்கியதும், மான்கள் மருத மரத்தடியில் பறிக்கத் தொடங்கின. குழி நேராகக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

"அக்கா, ஈரம்!" என்று பூவி உள்ளிருந்து கத்தினாள்.

அவ்வளவுதான். பக்கங்கள் சரிந்தன. பூவியின் தலை மட்டும் மணலுக்கு வெளியே தெரிந்தது.

மான்கள் பதறிப்போய் மணலைத் தள்ளத் தள்ள, மேலும் சரிந்தது. செவ்வி பாறையோரத்துக்குப் பறந்தாள்.

"கருமுகா, எழுந்து வா! என் தங்கை மணலில் புதைந்துவிட்டாள்!"

"எந்த மணலில்?" என்றான் அவன்.

பதில் சொன்னால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் பூவி இல்லை.

"மருத மரத்தடியில். தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. உங்களிடம் பொய் சொன்னேன்."

"கிடக்கட்டும் விடு! நம் மூக்கைப் பார்!" என்று ஒரு பன்றி உறுமியது. கருமுகனின் பிடரி மயிர் சிலிர்த்து எழுந்தது. அவன் செவ்வியை உறுத்துப் பார்த்தான்.

"என் கோபம் எங்கேயும் ஓடிவிடாது. உயிர் போய்விடும்" என்று சொல்லி ஓடினான். மற்றவை முணுமுணுத்தபடி பின்தொடர்ந்தன.

பூவியை விட்டு எட்டத் தள்ளி, சுற்றிலும் அகலமாகத் தோண்டினார்கள். மணல் சரியவில்லை. மெல்ல மெல்லக் கழுத்து, தோள், முதுகு என்று வெளியே வந்தது. பூவி தள்ளாடி ஏறியபோது, அவள் நின்ற இடத்தில் தண்ணீர் சுரந்தது.

ஒருவரும் வாய் வைக்கவில்லை.

"நீங்கள் முதலில் குடியுங்கள்" என்றாள் செவ்வி.

"நாங்கள் இறங்கினால் புரளாமல் ஏறமாட்டோம். நீங்களே குடியுங்கள். ஆனால் எங்களுக்குச் சேறு வேண்டும்" என்றான் கருமுகன். "சேறு பூசாவிட்டால் வெயிலில் எங்கள் தோல் வெடித்துப் புண்ணாகிவிடுகிறது."

"புண்ணா? விளையாட்டு என்றல்லவா நினைத்தேன்!"

"நீ கேட்கவே இல்லையே. நானும் சொல்லவில்லை."

பொழுது சாயும்வரை பேசினார்கள். நடுவே மறுபடி சண்டை மூளப் பார்த்தது. செவ்வியும் கருமுகனும் குறுக்கே நின்று தடுத்தார்கள். கடைசியில் பழைய குட்டை புரள்வதற்கு, ஊற்று எல்லோரும் குடிப்பதற்கு என்று ஒப்புக்கொண்டார்கள்.

"ஒரு ஊற்று இத்தனை பேருக்குக் காணாது" என்றான் கருமுகன். "அடுத்ததை எங்கே தோண்டுவது? உண்மையான இடமாகப் பார்த்துச் சொல்."

விடிந்ததும் செவ்வி மூக்கை மணலில் பதித்தபடி ஆற்றோடு நடந்தாள். அவளுக்குப் பின்னால் மான்களும் பன்றிகளும் ஒன்றாகக் கலந்து நடந்தன.

நீதி: ஒளித்துவைத்த வித்தை தாகம் தீர்க்காது, எதிரே நிற்பவரின் தேவையையும் கேட்டறிந்தால்தான் பொதுவான தண்ணீர் எல்லோருக்கும் கிடைக்கும்.