கையைத் தூக்கி நின்றவன்

டெரன்ஸ் கால்பந்தில் ஃபார்வர்ட் ஆட்டக்காரன். கோல் போடுவதுதான் பிழைப்பு. பதினான்கு வருடத்தில் எட்டு கிளப். கோவா, கொல்கத்தா, கோழிக்கோடு என்று போன இடமெல்லாம் சட்டை மாறியது.

ஒருநாள் காலையில், வியாசர்பாடியில் தனக்கு ஆட்டம் சொல்லித்தந்த ஃபிலோமினா கோச்சைத் தேடி வந்தான். அவர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"கோச், ஒம்பதாவதா ஒரு கிளப் கூப்புடுது. போறதா, ஆட்டத்தையே விட்டுடறதானு தெரியல."

"காலு வலிக்குதா?"

"காலு நல்லாதான் இருக்கு. மனசுதான் விட்டுப்போச்சு."

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. அது ஆட்டக்காரர்களுக்குள் ஒரு மரியாதை. மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு கையையும் தூக்கி நிற்பார்கள். எட்டு கிளப் மாறியவனுக்கு மன்னிப்புக் கேட்கவே நேரம் போதாது. போன ஞாயிற்றுக்கிழமை கோழிக்கோட்டிலும் அப்படித்தான் நின்றான்.

"நாலு வருஷம் அவங்களுக்காக ஓடுனேன் கோச். முன்வரிசையில ஒருத்தர், 'யாரு இவன், எதுக்குக் கைய தூக்குறான்'னு பக்கத்துல கேக்குறாரு. எனக்கே காதுல விழுந்துச்சு."

அவன் குரல் உடைந்தது. முப்பத்து மூன்று வயதில் இப்படி அழ வருகிறதே என்று வெட்கமாக இருந்தது.

"எட்டு கிளப்ல ஒருத்தருக்குக்கூட நான் அவங்க ஆளு இல்ல."

கோச் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். அந்தக் கோல் வீடியோவை ஓடவிட்டார்.

இடது பக்கமிருந்து பந்து பறந்து வந்தது. டெரன்ஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் அணிக்காரன் ஒருவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான். கிட்டே வந்ததும் நின்றுவிட்டான். விரித்த கையை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தான்.

கோச் படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"பந்து குடுத்தது இவன்தானே?"

"ஆமா கோச். மிசோரம்காரன். ஜனவரில வந்தான்."

"பேரு?"

டெரன்ஸ் குனிந்து, ஃபோனில் அவன் சட்டை முதுகைப் பார்த்தான்.

"பதினேழாம் நம்பர்."

கோச் ஃபோனைப் பையில் போட்டார். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு விட்ட இடத்துக்குப் போனார். டெரன்ஸ் பின்னாலேயே போய்க் கேட்டான்.

"அப்ப அந்தக் கிளப்புக்குப் போகட்டுமா கோச்?"

அவர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்கயும் ஒரு பதினேழாம் நம்பர் இருப்பான்டா."