ஒரே ஓட்டுக்குள் அக்காளும் தங்கையும்

அந்தக் காலத்தில் விதைகளுக்கு வாய் இருந்தது. தோட்டம் போடுகிறவர்கள் கையில் எடுத்ததும், தனக்கு வேண்டியதை ஒவ்வொரு விதையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். "என்னை மணலோடு கலந்து தூவு" என்று கீரை விதை சொல்லும். "முதலில் ஊறப் போடு, அப்புறம் பேசலாம்" என்று பாகல் விதை சொல்லும். அவரைக்கு எப்போதும் அவசரம். மண்ணுக்குள் போகும் முன்பே, "பந்தல் போட்டாச்சா?" என்று கேட்கும்.

கொத்தமல்லி விதை மட்டும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அது ஊமை என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்காவது தானாக முளைத்திருந்தால் பறித்துக்கொள்வார்களே தவிர, அதை விதைத்து வளர்த்தவர்கள் யாரும் இல்லை.

செம்பாயி புருஷன் வீட்டுக்கு வந்த முதல் மழைக்காலம் அது. அவளுக்கு மசக்கை. சோறு கொதிக்கிற வாசனைக்கே குமட்டும். ரசத்தைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறிவிட்டது. ஒருநாள் ஆற்றங்கரையில், மாடுகள் மிதித்துப்போன சேற்றில் முளைத்திருந்த மல்லியைக் கிள்ளி முகர்ந்தாள். குமட்டல் நின்றது. அதை அரைத்துத் தொட்டுக்கொண்டு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால், ஆடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. காய்ந்த தண்டு ஒன்றில் கொஞ்சம் விதை மிஞ்சியிருந்தது. அதை உருவி மடியில் முடிந்துகொண்டு வந்து, கொல்லையில் ஒரு பாத்தி கட்டி விதைத்தாள்.

கூடவே போட்டிருந்த கீரை முளைத்தது. அவரை முளைத்துப் பந்தலைப் பிடித்தது. கத்தரி நாற்று உயர்ந்ததும், அதைப் பிடுங்கி அடுத்த பாத்தியில் நட்டாள். கத்தரிகள் தலையைத் தொங்கப்போட்டு முனகிவிட்டு, மறுநாள் எழுந்து நின்றன. மல்லிப் பாத்தி மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

நாத்தனார் காத்தாயிக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. "என்ன மதினி, விதைக்குத் தண்ணி ஊத்துறீங்களா, மண்ணைக் குளிப்பாட்டுறீங்களா?"

"சும்மா இரு காத்தாயி. முளைக்கும்."

"உங்க பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பிக்கும்போது முளைக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே போன பிறகு, செம்பாயி பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள். காலையில் குடித்த கஞ்சியும் உடம்பில் தங்கவில்லை. இது முளைக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுப்பது என்று நினைத்தபோது கண் கலங்கியது. விரலால் மண்ணைக் கீறி ஒரு விதையை எடுத்தாள். ஊறிப் பருத்திருந்தது. உள்ளே ஏதோ கிசுகிசுத்தது. காதருகே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஈரம் என் முதுகு வரை வந்திருச்சு. கால் குறுகுறுங்குது."

"நீட்டாதே."

"நீட்டினா என்ன ஆகும்?"

"ஓடு ரெண்டாப் போயிரும். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

செம்பாயிக்கு அப்போதுதான் புரிந்தது. மல்லி ஊமை இல்லை. ஒரே ஓட்டுக்குள் இரண்டு பேர் ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருந்ததால், வெளியே யாரிடமும் பேசவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை.

"ஏன்டியம்மா, இப்படியே ஈரத்துல கிடந்தா அழுகிப் போவீங்களே" என்றாள்.

உள்ளே இருந்து அக்காள் பேசினாள். "சேர்ந்தே அழுகிப் போறோம். உனக்கென்ன?"

"எனக்குத்தான். நீங்க முளைச்சாத்தான் நான் சாப்பிடுவேன்." சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. ஒரே பாயில படுத்துத் தூங்கினவங்க. இங்கே வண்டி ஏறுறப்ப, அவ என் முந்தானையை விடவே இல்லை."

"அப்புறம்?" என்றாள் சின்னவள்.

"அப்புறம் வந்துட்டேன். அழுதேன். இப்பவும் சில நாள் அழுகை வரும். ஆனா வேர் பிடிச்சிட்டேன்."

"உன்னை ஒரு தடவைதான் பிடுங்கினாங்க" என்றாள் பெரியவள். "கத்தரிகளை நீ என்ன பண்ணினேன்னு மண்ணுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். முதல்ல இவளை விட்டுப் பிரியணும், அப்புறம் வேர் பிடிச்ச இடத்தை விட்டும் பிரியணுமா? ரெண்டு தடவை எங்களால தாங்க முடியாது."

செம்பாயி கத்தரிப் பாத்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஒரு தடவைதான்" என்றாள். "உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துலயே போடுறேன். முளைச்ச இடத்துல இருந்து யாரும் உங்களைப் பிடுங்கி வேற இடத்துல நட மாட்டாங்க. என் வயித்துப் பிள்ளை மேல சத்தியம்."

இருவரும் ஓட்டுக்குள் கிசுகிசுத்துப் பேசி முடித்த பிறகு, "எங்களால உடைச்சுக்க முடியாது, நீயே செய்" என்றாள் பெரியவள்.

பாத்தியைக் கிளறி எல்லா விதைகளையும் பொறுக்கினாள். பலகையில் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். சடசடவென்று ஓடுகள் பிளந்தன. அத்தனை ஓட்டுக்குள்ளிருந்தும் ஒரே சமயத்தில் எழுந்த சின்ன முனகல் சட்டென்று அடங்கியது. கொன்றுவிட்டோமோ என்று பயந்தபடியே விதைகளைச் சிதறாமல் நெருக்கமாகப் போட்டு மூடினாள்.

அதன்பின் மல்லி பேசவே இல்லை. செம்பாயி தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் குனிந்து காது கொடுத்துப் பார்த்தாள். ஒரு விடியலில் பாத்தி முழுக்கப் பச்சை தெரிந்தது. முளைகள் ஒன்றின் தோளை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. கிள்ளிய இலையை அவள் அங்கேயே வாயில் போட்டு மென்றாள். அன்று சாப்பிட்டதெல்லாம் உடம்பில் தங்கியது.

காத்தாயி எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி, சந்தைக் கூட்டம் மாதிரி நிக்குது? பாதியைப் பிடுங்கி அந்தப் பக்கம் நடுங்க."

"வேண்டாம். தொடாதே."

"கத்தரியைப் பிடுங்கலையா? இதுக்கு மட்டும் என்ன ராஜமரியாதை?" என்றபடி காத்தாயி குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, அடுத்த பாத்தியில் ஊன்றித் தண்ணீரும் ஊற்றினாள். பொழுது சாய்வதற்குள் அது துவண்டு மண்ணில் படுத்துவிட்டது. பழைய இடத்தில் அதன் பக்கத்தில் நின்ற செடியும் தலை சாய்ந்திருந்தது.

காத்தாயி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.  கீழே படுத்திருந்ததைக் கொண்டுவந்து, தலை சாய்ந்திருந்ததன் பக்கத்தில் வைத்துவிட்டு, "தெரியாமப் பண்ணிட்டேன் மதினி" என்றாள்.

அன்று முதல்தான் மல்லியைத் தேய்த்து உடைத்து, நெருக்கமாக விதைக்கிறோம். கத்தரியைப் போல நாற்று பிடுங்கி நடுவதில்லை. துவையலுக்குக் கிள்ளுகிறோம், ரசத்துக்குப் பறிக்கிறோம். இன்னோர் இடத்தில் போய் வாழ் என்று மட்டும் அதனிடம் யாரும் சொல்வதில்லை.