முத்துமாலைக்கு ஓர் ஊகம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாட்டை வல்லபவர்மன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். ஆனால் எதையும் எழுந்துபோய்ப் பார்ப்பதைவிட, உட்கார்ந்த இடத்தில் பிறர் ஊகித்துச் சொல்லக் கேட்பதில் அவனுக்குப் பிரியம் அதிகம்.

அவன் தலைநகரில் சிவந்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் எண்ணெய் வாணிபத்துக்காக வெளியூர் போயிருந்தான். அந்தச் சமயம் பார்த்து ஒரு திருடன் வீட்டின் பின்சுவரில் கன்னம் வைத்து, ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, பித்தளைப் பாத்திரங்களை வாரிக்கொண்டு போய்விட்டான். விடிந்து பார்த்தால், பக்கத்தில் படுத்திருந்த மூன்று வயது மகள் தாயம்மையையும் காணோம்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. பொருத்தமான ஊகம் சொல்பவருக்கு முத்துமாலை என்று அரசன் அறிவித்தான். அவ்வளவுதான், தேடக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பிவந்து சபையில் இடம் பிடித்துக்கொண்டார்கள். கடற்கொள்ளையர் வேலை என்றார் படைத்தலைவர். கடலோ அங்கிருந்து ஏழுநாள் பயணம். திருடன் இடக்கைக்காரன் என்றார் மடைப்பள்ளித் தலைவர். இடப்பக்கப் பாத்திரங்களைத்தான் எடுத்திருக்கிறானாம். ஊரார் கூட்டம் கூட்டமாகச் சிவந்தி வீட்டுக்குப் போய், ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்து, குடைக்காம்பால் அளந்தார்கள். கொல்லையில் இருந்த காலடித் தடமெல்லாம் அவர்கள் காலடியிலேயே அழிந்தது. சுண்டல் விற்பவன் ஒருவன் அங்கேயே கடை போட்டுவிட்டான்.

அமைச்சர் மருதவாணரின் ஆசனத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் திரிலோக பண்டிதர். அவர் தாயையே சந்தேகித்தார். முதல்நாள் சிவந்தி போதுமான அளவு அழவில்லையாம். மறுநாள் தேவைக்கு மேல் அழுதாளாம். பௌர்ணமிக்குள் குழந்தை கிடைக்காவிட்டால் அவளை நாடு கடத்த வேண்டும், குழந்தை எவரிடம் இருந்தாலும் அவரை யானைக்காலில் இட வேண்டும் என்று யோசனை சொன்னார். அரசன் இரண்டுக்கும் தலையாட்டினான். தம்பட்டம் முழங்கியது.

கூட்டம் கலைந்த வேளை பார்த்து மருதவாணர் சிவந்தி வீட்டுக்குப் போனார்.

"நீங்களும் ஊகம் சொல்ல வந்தீர்களா, ஐயா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லை அம்மா. பார்க்க வந்தேன்."

"பாருங்கள். வந்தவர்களெல்லாம் என் முகத்தைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்."

மருதவாணர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, ஓட்டையின் விளிம்பை உள்ளேயிருந்து பார்த்தார். பெயர்ந்து கிடந்த ஈரமண்ணில் ஒரு சின்னக் கை பதிந்து காய்ந்திருந்தது. விரல்கள் வெளிப்பக்கம் நீண்டிருந்தன. திருடன் போனபின் குழந்தை விழித்து, புதுவழி கண்ட குஷியில் தானாகவே தவழ்ந்து வெளியே போயிருக்கிறது! அப்படியானால் வழியில் யாரோ எடுத்து வைத்திருப்பார்கள். எடுத்தவர்கள் ஏன் கொண்டுவந்து விடவில்லை?

அந்த நேரம் தெருவில் தம்பட்டம் போயிற்று. "குழந்தையை வைத்திருப்பவருக்கு யானைக்கால்!"

மருதவாணருக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் இதைச் சபையில் சொன்னால் என்ன ஆகும்? வழிப்போக்கர்தான் திருடர் என்று பண்டிதர் பிடித்துக்கொள்வார். கண்ணில் பட்ட வழிப்போக்கரையெல்லாம் கட்டி இழுத்துவரச் சொல்வார். வீடு போய்ச் சேரும்வரை யோசித்தார்.

மறுநாள் சபையில் பண்டிதர் ஆரம்பித்தார்.

"எல்லாரும் சொல்லியாயிற்று. அமைச்சர் மூளை மட்டும் இன்னும் ஊறிக்கொண்டே இருக்கிறதோ?"

"ஊறிவிட்டது பண்டிதரே" என்று மருதவாணர் எழுந்தார். நகரின் காவல்தெய்வம் இரவு உலா வந்தபோது குழந்தையைக் கண்டு ஆசைப்பட்டு, விளையாடக் கூட்டிப்போனது என்றார். விளையாடி அலுத்து, இப்போது யாரோ ஒரு புண்ணியவான் மடியில் விட்டிருக்கிறது. அவர் குழந்தையோடு வந்ததும் அரசர் தம் கையாலேயே பட்டும் பசுவும் கொடுத்தால் நாட்டில் மாரி பொய்க்காது. அவர்மேல் யானையை ஏவினாலோ, யானைக்குத்தான் ஆபத்து.

அரசன் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டான். மற்ற ஊகங்களில் திருடன் மட்டும்தான் இருந்தான். இதில் தெய்வம் இருந்தது. அதைவிட முக்கியமாக, அரசனும் இருந்தான்.

பண்டிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். இது நடந்துவிட்டால் சிவந்தி வீட்டுச் சுவர் ஓட்டையை என் கையாலேயே மண் குழைத்து அடைக்கிறேன் என்றார். அப்படியே ஆகட்டும் என்றான் அரசன். தம்பட்டத்தின் வாசகம் மாறியது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் இருளாயி என்பவள் இடுப்பில் குழந்தையோடு சபைக்கு வந்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு வயலுக்குக் கிளம்பிய விடியற்காலையில், காவல்நாயின் வயிற்றில் தலைவைத்து இது தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"தெனமும் ஊர் எல்லை வரைக்கும் தூக்கிட்டு வருவோம் ராசா. தம்பட்டச் சத்தம் கேக்கும். திரும்பிப் போயிருவோம்."

அழைத்துவரப்பட்ட சிவந்தி மகளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். அது சரியான அளவா என்று எவரும் கேட்கவில்லை. தாயம்மை மட்டும் நாய் எங்கே என்று கேட்டாள்.

பண்டிதர் சுதாரித்துக்கொண்டார். "தெய்வமும் இல்லை, உலாவும் இல்லை. அப்படியானால் அமைச்சர் சொன்னது பொய்!"

"முழுப்பொய்தான்" என்றார் மருதவாணர். "ஆனால் பண்டிதரே, நம் எல்லாருடைய ஊகங்களிலும், குழந்தை திரும்பி வருவதற்கு வழி விட்டது அது ஒன்றுதான்."

அரசனின் முகம் சற்றுச் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டான். இருளாயிக்குப் பட்டும் பசுவும் கொடுத்தான். பண்டிதரைச் சிவந்தி வீட்டுக் கொல்லைக்கு அனுப்பினான். மண்ணில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சிவந்தி அவரை இருமுறை திருத்த வேண்டியிருந்ததாம்.

முத்துமாலையை மருதவாணர் கழுத்தில் போட்டபின்னும் அரசனுக்கு ஆவல் அடங்கவில்லை.

"அதெல்லாம் சரி அமைச்சரே. கன்னம் வைத்தவன் யார்?"

"தெரியாது, அரசே."

அடுத்து ஏதோ வரப்போகிறது என்று சபை முழுவதும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. அப்படியொரு பதிலுக்குப் பின் என்ன பேசுவது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அரசனே எழுந்துவிட்டான்; சபை வழக்கத்தைவிட முன்னதாகவே கலைந்தது. அன்று அரண்மனைச் சமையல்காரர்கள்தான் பாவம். குழம்பு கொதிப்பதற்கு முன்பே இலை போடச் சொல்லிவிட்டார்கள்.