வால் முளைத்த வானமும் சொட்டிய குடைகளும்

சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்பாவிட்டாலும் கடைசியில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மலையுச்சியில் ஒரு தொலைநோக்கி, மலையடியில் அதற்கான ஆய்வுக்கூடம். அந்த ஐப்பசியில் அங்கே பிடித்த மழை ஒரு வாரமாக விடவில்லை. மீன்கள் மலைப்பாதையில் எதிரேறிப் போய்த் தொலைநோக்கியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கின.

அங்கே பேராசிரியர் நாச்சியப்பன். இரண்டு விண்மீன் திரள்கள் மோதினால் ஒன்றுக்கு நீண்ட வால் முளைக்கும் என்பது அவர் கட்சி. எந்தப் படத்திலும் வால் சிக்கவில்லை. 'வால் வாத்தியார்' என்ற பெயர்தான் மிச்சம்.

அவர் குழுவைச் சேர்ந்த செண்பகவல்லி புனேயில் இருந்தாள். அந்த மோதலைக் கணினிக்குள் நடத்திப் பார்த்தாள். சிமுலேஷன் என்பார்கள், கோடி ஆண்டுக் கூத்தை ஒரு வாரத்தில் ஆடிக் காட்டும் வித்தை. கணினி கொதித்த கொதிப்பில் அதன்மேல் தோசை வார்த்தார்கள். சட்னியோடு நான் சாட்சி. வால் முளைத்தது. நம் தொலைநோக்கிக்கு இது எப்படித் தெரியும் என்று பார்க்க, படத்தை மங்கலாக்கிப் புள்ளி தூவி, மலைக் கேமராவின் கீறலைக்கூட வரைந்தாள். அந்தத் தொழிலில் அது வழக்கம்தான். 'நேரில் விளக்கிக்கொள்ளலாம்' என்று கணினிப் படம் எனக் குறிப்பு எதுவும் போடாமல், தொலைநோக்கிப் படங்கள் சேரும் கணினிக் கோப்பிலேயே அதையும் சேர்த்துவிட்டு ரயிலேறினாள்.

மறுநாள் பேராசிரியர் அதைப் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலையே அரங்கம் கூடியது. வாசலில் நனைந்த குடைகள் குவிந்தன.

"நேத்து ராத்திரி வானம் எனக்குப் பதில் சொல்லிடுச்சு" என்றார். கைதட்டலில் கூரை ஒரு சாண் எழும்பி இறங்கியது.

மலையில் படம் எடுப்பவர் இசக்கிமுத்து. மழை தொடங்கியதிலிருந்து தொலைநோக்கியின் மூடியைத் திறக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தார். பேராசிரியர் அதில் மைசூர்பாகை வைத்தார். தோளில் பொன்னாடையும் விழுந்தது. இனிப்பு கரைந்தது; வாய் மறுபடி திறக்கவில்லை.

அப்போது செண்பகவல்லி வந்து சேர்ந்தாள். குடையில்லை, தெப்பமாக நனைந்திருந்தாள். திரையைப் பார்த்தாள்.

"சார், அந்த வால் வானத்துல இல்ல. நான் முளைக்க வச்சது."

பேராசிரியர் உட்கார்ந்தார். குனிந்த குனிவில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"தப்பு என்னோடது சார். மேல எழுதியிருக்கணும்."

"இல்லம்மா. ஆசையில கேக்காம விட்டவன் நான்."

இசக்கிமுத்து பொன்னாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எனக்கு முதல்லயே தெரியும் சார்" என்றார், யாரையும் பார்க்காமல்.

முன்வரிசையிலிருந்து இயக்குநர் பிலோமினா அம்மையார் எழுந்தார். "மூணு பேர்ல ஒருத்தர் இனிமே மலையேறக் கூடாது. யாருன்னு இந்த அரங்கமே சொல்லட்டும்."

புத்திசாலிகளே, நீங்கள் அங்கே இருந்தால் யாரைக் கை காட்டுவீர்கள்?

விடை: இசக்கிமுத்து என்பீர்கள். தெரிந்தே மென்றவர் அவர்தான். மூவரில் வெட்கம் அவருக்கே அதிகம். ஆனாலும் அந்த அரங்கத்தில் ஒரு கையும் எழவில்லை. ஒரு வாரம் மேகம் மூடிய வானத்தில் நேற்று நட்சத்திரம் எப்படித் தெரிந்திருக்கும்? அதைக் கேட்க விஞ்ஞானம் வேண்டாம், வாசலில் சொட்டிய குடை போதும். அத்தனை பேரும் அதை மடக்கி வைத்துவிட்டு வந்துதான் கைதட்டினார்கள். குடையை நான் முன்பே சொன்னேன். நீங்களும் தட்டிக்கொண்டுதான் இருந்தீர்கள். குற்றம் சொல்லும் உரிமை குடையில்லாமல் வந்தவளுக்கு மட்டுமே. அவளோ முதலில் தன்னையே சொல்லிக்கொண்டாள். அம்மையார் தம் குடையை எடுத்துக்கொண்டு, விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார்.