கல் தூங்கிய தொட்டில்

மலைகளெல்லாம் உட்கார இடம் தேடி அலைந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வளவு பழைய காலத்தில் பொழிலூர் என்று ஒரு நாடு இருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் தொட்டிலில் போடுவார்கள். ஆனால் பிள்ளையை உடனே போட்டுவிட மாட்டார்கள். அம்மியில் அரைக்கிற குழவிக்கல்லைக் கழுவி, எண்ணெய் தடவி, குல்லாய் மாட்டி, பொட்டு வைத்து, அந்தக் கல்லைத்தான் முதலில் கிடத்துவார்கள். ஆட்டுவார்கள், தாலாட்டுகூடப் பாடுவார்கள். கல் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகுதான் பிள்ளையின் முறை வரும். முதலில் கல், பிறகு பிள்ளை. நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும்.

ஏன் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. "பிள்ளை கல்லு மாதிரி திடமா வளரணும்னுதான்" என்பார் ஒருவர். "கண்ணு பட்டா கல்லு மேல படட்டும்னுதான்" என்பார் இன்னொருவர்.

அரண்மனையில் சடங்குகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். மிளகு அரைத்த கல்லை இளவரசர்கள் படுக்கும் தொட்டிலில் வைப்பதா என்று அவருக்கு மனம் கூசியது. வெள்ளியில் ஒரு குழவி செய்வித்தார். பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு கத்தரிக்காயின் கனம்கூடக் கிடையாது. அன்றிலிருந்து அரண்மனைத் தொட்டில்களில் அந்த வெள்ளிக் குழவியைத்தான் போட்டு எடுத்தார்கள்.

பொழிலூர் ராஜாவின் பெயர் மாறவேள். ராணி செந்திரு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு நித்திலை என்று ஒரு மகள் பிறந்தாள். பதினாறாம் நாள், தூர தேசத்து வியாபாரி ஒருவன் கொண்டுவந்த தொட்டிலில் வெள்ளிக் குழவியைப் போட்டு ஆட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. நித்திலையைக் கிடத்தினார்கள். தூங்கினாள்.

தூங்கியவள் எழுந்திருக்கவில்லை. மூச்சு வந்தது, போனது. உடம்பு இளஞ்சூடாக இருந்தது. ஆனால் கண் திறக்கவில்லை, பால் கேட்கவில்லை, ஒரு விரற்கடை வளரவும் இல்லை. ஆறு வருஷமாக அவள் பதினாறு நாள் பிள்ளையாகவே இருந்தாள். ராணி தினமும் அவளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தன் கட்டிலிலேயே ஓர் ஓரமாகக் கிடத்துவாள். தொட்டிலை யாரும் சந்தேகப்படவில்லை. குழவி போட்டுப் பார்த்த தொட்டிலாயிற்றே! மறுநாளே அந்தத் தொட்டில் காணாமல் போனதை, அத்தனை அழுகையில், ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்போது ராணிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. "இருக்கிறதிலேயே பத்திரமான தொட்டில் எதுவோ, அது என் மகனுக்கு வேண்டும்" என்று ராஜா பறையறைவித்தார். பதினாறாம் நாள் காலையில் ஒரே ஒருவன் மூன்று வண்டிகளில் மூன்று தொட்டில்களோடு வந்து நின்றான். தச்சன் போல் காதில் உளி சொருகியிருந்தான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. மூச்சுக்கு மூச்சு கொட்டாவி விட்டான்.

அவன் யார் என்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அவன் பெயர் செங்கண்ணன். சாகாமல் இருக்க ஒரு மந்திரம் போட்டான். மந்திரம் பலித்தது, ஆனால் அதற்கு விலையாக அவனுடைய தூக்கம் போய்விட்டது. பச்சைப்பிள்ளை ஒன்று அவன் செய்த தொட்டிலில், தாயின் கை எட்டாத தூரத்தில் தூங்கினால், அந்தத் தூக்கத்தை அவன் உறிஞ்சிக்கொள்ளலாம். ஆறு வருஷம் நிம்மதியாகத் தூங்குவான். பிள்ளைதான் விழிக்காது. அன்று வியாபாரி வேஷத்தில் வந்து உறிஞ்சிய நித்திலையின் தூக்கம் அவனுக்கு நேற்றோடு தீர்ந்துபோயிருந்தது.

ராணியின் அறையில் சடங்கு தொடங்கியது. அதிகாரி வெள்ளிக் குழவியைப் பட்டுத் துணியில் ஏந்தி வந்தார்.

"அது வேண்டாங்க ஐயா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தி குழவிக்கல்லைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கே வயிற்றில் ஏழு மாதம்.

"யாரம்மா நீ?" என்றார் அதிகாரி.

"சமையல்கட்டுல அரைக்கிற சிலம்பாயிங்க. நேத்து நீங்க மூணு தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டீங்களே கொள்ளுத் துவையல், அது இந்தக் கல்லுல அரைச்சதுதான்."

அங்கிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"துவையல் வேறு, சடங்கு வேறு" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரரு வேம்பன் தச்சருங்க. தொட்டிலு செஞ்சா கல்லைப் போட்டு ஆட்டிப் பார்த்துத்தான் குடுப்பாரு. கல்லு தாங்கினாத்தான் பிள்ளையைத் தாங்கும். இந்த வெள்ளியை ஒரு கோழிக்கூண்டுல போட்டாலும் தாங்கும். இதை வச்சு என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க?"

ராஜா பதில் சொல்ல வாயெடுத்தார். ராணி முந்திக்கொண்டாள்.

"என் முதல் பிள்ளைக்கு வெள்ளியைப் போட்டோம்" என்றாள். கட்டிலில் கிடந்த நித்திலையை ஒரு தரம் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்குக் கல்லைப் போடுங்கள்."

ராணி சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

முதல் தொட்டிலைக் கொண்டுவந்தார்கள். முழுக்கத் தங்கம். பக்கத்துக்குப் பத்துக் கம்பி. உயரமோ ஓர் ஆள் மார்பளவு.

"முதல்ல கல்லு, பிறகு பிள்ளை" என்று சொல்லிச் சிலம்பாயி கல்லைக் கிடத்தி ஒரே ஒரு ஆட்டு ஆட்டினாள். கல் உருண்டது. இரண்டு கம்பிக்கு நடுவே புகுந்தது. தடாலென்று தரையில் விழுந்து, பளிங்குத் தளத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது.

"கல்லு உருளும். பிள்ளை உருளுமா?" என்றான் செங்கண்ணன், கொட்டாவி விட்டபடி.

"நாலு மாசம் போகட்டும், குப்புற விழும், உருளும், கம்பிக்குள்ள தலையைக் குடுக்கும். நீங்க பிள்ளை வளர்த்ததே இல்லையா ஐயா?"

இரண்டாம் தொட்டிலைக் கொண்டுவந்தார்கள். அன்னத்தின் தூவியில் மெத்தை, நான்கு பக்கமும் பட்டுத் தலையணை, மேலே முத்துச் சரம். பார்த்தவர்களுக்கே கொட்டாவி வந்தது.

"முதல்ல கல்லு, பிறகு பிள்ளை." கல்லைக் கிடத்தினாள். கல் அமிழ்ந்தது. இன்னும் அமிழ்ந்தது. குல்லாயும் மறைந்தது. இரண்டு பக்கத்துத் தலையணைகளும் சரிந்து மேலே மூடிக்கொண்டன. சிலம்பாயி முழங்கை வரை கையை விட்டுத் துழாவி அதை எடுத்தாள். எடுக்கும்போது முத்துச் சரம் ஒன்று கல்லைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது.

"கல்லுக்கு மூச்சு வேண்டாம்" என்றாள். ராணி கைக்குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

மூன்றாம் தொட்டில் வந்தது. தங்கமும் இல்லை, பட்டும் இல்லை. வெறும் மரம். அகலமாக ஊன்றிய நான்கு கால். கம்பிக்குக் கம்பி மூன்று விரல்தான் இடைவெளி. அடியில் சமமான பலகை, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரே ஒரு நூல்துணி. தலையணையும் கிடையாது, தொங்கும் சரமும் கிடையாது.

"முதல்ல கல்லு, பிறகு பிள்ளை." கல்லைக் கிடத்தி ஆட்டினாள். உருளவில்லை. அழுத்திப் பார்த்தாள். அமிழவில்லை. குனிந்து காலைத் தட்டினாள், மூட்டைத் தடவினாள். ஒரு குறையும் அகப்படவில்லை.

"தச்சு வேலையில குத்தம் சொல்ல முடியாதுங்க. எங்க வீட்டுக்காரரு பார்த்தா அவரே மெச்சுவாரு" என்று ஒப்புக்கொண்டாள்.

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இதுதான் தொட்டில்."

"ஒரே ஒரு விஷயம், மகாராஜா" என்றான் செங்கண்ணன். "இந்தத் தொட்டிலைத் தாய் படுக்கிற அறையில் வைக்கக் கூடாது. வடக்குப் பக்கத்துத் தனி அறையில் வையுங்கள். பிள்ளைக்கு நல்லது."

"பச்சை உடம்புக்காரியை விட்டுப் பச்சைப்பிள்ளைக்குத் தனி அறையா?" என்றாள் சிலம்பாயி. "பசிச்சா யாரு எடுக்கிறது? புரையேறினா யாரு பார்க்கிறது? தொட்டிலு அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கணும். படுத்தபடியே கையை நீட்டினா பிள்ளை மேல கை படணும்."

"இங்கேயே இருக்கட்டும்" என்றாள் ராணி.

செங்கண்ணன் சிரித்தான். "உங்கள் விருப்பம், மகாராணி" என்று வணங்கிவிட்டு வெளிக்கூடத்துக்குப் போய், தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் சிலம்பாயிக்குப் பிடிக்கவில்லை.

"கல்லைப் போட்டாயிற்று, தாங்கிவிட்டது. எடுத்துவிட்டுப் பிள்ளையைக் கிடத்துங்கள்" என்றார் அதிகாரி.

"கல்லு இன்னும் தூங்கலைங்களே" என்றாள் சிலம்பாயி. "ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகுதானே வழக்கம்? நீங்க எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. சோறு ஆறிடும்."

அதிகாரிக்குச் சோறு ஆறுவது பிடிக்காது. ராஜாவும் கூட வந்தவர்களும் எழுந்து போனார்கள். அறையில் ராணி, அவள் மடியில் சின்னவன், கட்டிலில் நித்திலை, தொட்டிலில் கல், பக்கத்தில் சிலம்பாயி. அவ்வளவுதான்.

சிலம்பாயி தொட்டிலை ராணியின் கைக்கெட்டும் தூரத்தில் இழுத்து வைத்தாள். மடியிலிருந்து அரிசிமாவை எடுத்து நான்கு காலையும் சுற்றித் தரையில் மெல்லத் தூவினாள்.

"இது என்ன சடங்கு?" என்று கேட்டாள் ராணி.

"சடங்கு இல்லைங்கம்மா. எலி எந்தப் பக்கமா வருதுன்னு பார்க்கச் சமையல்கட்டுல தூவுவோம். நீங்க பாடுங்க. பிள்ளைக்குப் பாடுற மாதிரியே பாடுங்க."

ராணி சின்னவனைத் தட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடினாள். முற்றத்தில் உச்சிவெயில் காய்ந்தது. முதல் பாட்டு முடிந்தது. தொட்டில் நின்ற இடத்தில் நின்றது. இரண்டாம் பாட்டு முடிந்தது. அப்போதும் நின்றது. ராணி மூன்றாம் பாட்டைத் தொடங்கினாள்.

தொட்டில் நடந்தது.

நண்டு நடப்பது போல் பக்கவாட்டில், ஓசையில்லாமல், ஒரு காலை எடுத்து வைத்து, மறுகாலை எடுத்து வைத்தது. மாவில் நான்கு தடம் பதிந்தது. ஒரு சாண் விலகியது. இரண்டு சாண் விலகியது.

"பிடி அதை!" என்று மூச்சுக்குள் சொன்னாள் ராணி.

"பாட்டை விடாதீங்கம்மா" என்றாள் சிலம்பாயி. "பிள்ளை உங்க மடியில இருக்கு. கல்லுக்கு என்ன வந்துடப்போகுது? நடக்கட்டும், எதுக்கு நடக்குதுன்னு பார்த்துடுவோம்."

ராணி பாடினாள். மூன்றாம் சாணும் தாண்டியது. இனிமேல் தாயின் கை எட்டாது.

வெளிக்கூடத்தில் செங்கண்ணன் தாலாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தான். கல்லை எடுத்திருப்பார்கள், பிள்ளையைக் கிடத்தியிருப்பார்கள் என்று நினைத்தான். அரண்மனைக்காரர்கள் சடங்கை எப்போது முழுசாகச் செய்தார்கள்? பாட்டு தேய்ந்து தேய்ந்து நின்றது. பிள்ளை தூங்கிவிட்டது. அவன் வாயைப் பெரிதாகத் திறந்து, தொட்டிலில் கிடந்த தூக்கத்தை ஒரே மூச்சில் உறிஞ்சினான்.

அவனுக்குக் கிடைத்தது கல்லின் தூக்கம்.

மலை உட்கார்ந்த நாளிலிருந்து கல் தூங்குகிறது. இடி விழுந்தாலும் எழாது, மழை பெய்தாலும் எழாது. அந்தத் தூக்கம் அவனுக்குள் இறங்கியது. முதலில் கால் கனத்தது. பிறகு கை கனத்தது. பிறகு கண் மூடியது. கொட்டாவி விட்ட வாய் விட்டபடியே இருக்க, அவன் தலை முதல் கால் வரை கல்லாகித் தூணோரம் சாய்ந்து விழுந்தான். விழுந்த சத்தத்தில் சாப்பாட்டுப் பந்தியே எழுந்துவிட்டது. காதில் சொருகியிருந்த உளி மட்டும் உளியாகவே கிடந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். கூடத்தில் கல்லாய்க் கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு ராஜா அறைக்குள் நுழைந்தார்.

அறைக்குள் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது.

ராஜா சின்னவனைப் பார்த்தார். அவன் ராணியின் மடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அழுகை கட்டிலிலிருந்து வந்தது. ஆறு வருஷப் பசியோடு, முகம் சிவக்க, இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு நித்திலை அழுதாள்.

ராணி எழுந்தாள். சின்னவனை ராஜாவின் கையில் திணித்துவிட்டு, மகளை வாரி மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. அந்த அறையில் நெடுநேரத்துக்குப் பால் குடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

சிலம்பாயி தொட்டிலிலிருந்து கல்லை எடுத்துக் குல்லாயைக் கழற்றித் துடைத்தாள்.

அன்றைக்கே மூன்று தொட்டிலும் அடுப்புக்குப் போயின. தங்கம் உருகி ஓடியது, தூவி மெத்தை புகைந்தது, மரம் எரிந்தது. அதிகாரி வெள்ளிக் குழவியைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார். அதை உருக்கிப் பிள்ளைகளுக்குப் பால் புகட்ட இரண்டு பாலாடை வார்த்தார்கள், அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஆறு வருஷம் மூத்த அக்கா தம்பியைவிட அரை விரல் குட்டை. கல்லாய்க் கிடந்த செங்கண்ணனை என்ன செய்வது என்று கேட்டார்கள். கொத்தி அம்மியாக்கலாம் என்றார் ஒருவர். "வேண்டாங்க, துவையல் கசக்கும்" என்றாள் சிலம்பாயி. அவனைக் கொண்டுபோய்க் குதிரை லாயத்து வாசலில் போட்டார்கள். குதிரைகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"உனக்கு என்ன வேண்டும், தாயே?" என்று ராஜா கேட்டார்.

"என் வயித்துப் பிள்ளைக்கும் ஒரு தொட்டிலு வேணுங்க. எங்க வீட்டுக்காரரு ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் செய்வாரு, சொந்தப் பிள்ளைக்குன்னா நாளைக்கு நாளைக்கும்பாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

ராஜா சொன்னார். அரண்மனைத் தோட்டத்துப் பலா மரத்தில் வேம்பன் மூன்று தொட்டில் செய்தான். சமமான அடிப்பலகை, இழுத்துக் கட்டிய துணி, நெருங்கிய கம்பி, ஊன்றிய கால், தாயின் கட்டிலுக்குச் சரியான உயரம். இரண்டு தொட்டில் ராணியின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் போயின. வலது கையை நீட்டினால் மகள், இடது கையை நீட்டினால் மகன்.

மூன்றாம் தொட்டில் வேம்பன் வீட்டில் காத்திருந்தது. சிலம்பாயிக்குப் பெண் பிறந்தது. பதினாறாம் நாள் காலையில் தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. பல்லக்கிலிருந்து ராணி செந்திரு இறங்கினாள். இடுப்பில் குழவிக்கல், கல்லுக்குப் புதுக் குல்லாய். தானே தொட்டிலில் கிடத்தினாள், தானே ஆட்டினாள், தானே பாடினாள்.

மூன்று பாட்டு முடிந்ததும், "பிள்ளையைப் போடலாமா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

சிலம்பாயி கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டினாள். கை தொட்டிலுக்குள் போய்க் கல்லின் நெற்றியில் பட்டது.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றாள். "இப்பத்தான் கண் அசருது."

பொழிலூரில் அன்றிலிருந்து கல் தூங்காமல் பிள்ளை தூங்கியதில்லை. தூங்கிய பிள்ளை எதுவும் விழிக்காமல் இருந்ததும் இல்லை. கதை கேட்ட உங்கள் வீட்டுத் தொட்டிலும் அப்படியே கை எட்டும் தூரத்தில் ஆடட்டும்.