துடைப்பம் புகுந்த காடு

மரக்கப்பல்களில் மிளகை ஏற்றிக் கடல் கடந்து அனுப்பிய காலம் அது. பெரியவர்களே, பிள்ளைகளே, காதை இங்கே கொடுங்கள். கொற்றனூரில் ஆவுடையப்பன் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார். நல்ல மனிதர். என்ன, சுத்தம் என்றால் கொஞ்சம் பைத்தியம். கடையை ஒரு நாளைக்கு மூன்று முறை கூட்டச் சொல்வார். ஒரு மூட்டை வரிசை தப்பி நின்றாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கடைச் சத்தத்தில் அவருக்கு அடிக்கடி தலைவலி வரும். மலையடிவாரத்துக் காட்டில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்தால் வலி போன இடம் தெரியாது. அதனால் அந்தக் காட்டையே அரசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே வேட்டை கூடாது, விறகு வெட்டக் கூடாது, உயிர்கள் அதது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். அரசர் மகிழ்ந்துபோய்ச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்: ‘இது காடாக இருக்கும்வரை என் கோடரி இதற்குள் வராது.’

காவலுக்குச் சடைச்சி என்ற மலைக்காரியை வைத்தார். எந்தப் பொந்தில் எது குடியிருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

பத்து வருடம் போயிற்று. அரசருக்குப் புதுக் கப்பல்கள் வேண்டியிருந்தன. அந்தக் காட்டில் தேக்கு நிற்கிறதே என்று தச்சர்கள் காதில் போட்டார்கள். அரசர் ஆளனுப்பினார். “நாற்பதாம் நாள் வந்து பார்ப்பேன். காடாக இருந்தால் என் வாக்கு நிற்கும். இல்லையென்றால் மரங்கள் கப்பலுக்கு.”

ஆவுடையப்பன் காட்டுக்கு ஓடினார். போய்ப் பார்த்தார். முழங்கால் அளவு சருகு! குறுக்கும் நெடுக்குமாக விழுந்த மரங்கள்! இந்த லட்சணத்தில் கிடந்தால் அரசர் என்ன நினைப்பார்? கடை ஆட்களைக் கூட்டிவந்தார். ஆளுக்கொரு துடைப்பம் கொடுத்தார்.

முதல் வாரம் சருகைக் கூட்டினார்கள். வண்டும் பூரானும் போயின. இரண்டாம் வாரம் கிடந்த கட்டைகளை இழுத்துப்போட்டார்கள். உடும்பும் கீரியும் போயின. மூன்றாம் வாரம் பட்டுப்போன மரங்களைச் சாய்த்தார்கள். மரங்கொத்தியும் கிளியும் போயின. அவர் எதையும் கவனிக்கவில்லை. தலைவலி மட்டும் திரும்பி வந்தது. வெயிலில் அலைந்தது என்று நினைத்து, சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஓடைக்கரை மூலைக்கு வந்தார்கள். அங்கே சடைச்சி வழிமறித்து நின்றாள்.

“ஐயா, இங்க மட்டும் தொடப்பம் வேணாங்க. சருகுமான் குட்டி போட்டிருக்கு. சருகை எடுத்துட்டா அது எங்க போய் ஒளியும்?”

“ராஜா வர்ற எடத்துல குப்பையை வச்சிருக்கச் சொல்றியா? என் மானம் கப்பலேறிடும்!”

“உங்க மானத்தை அப்புறம் மீட்டுக்கலாங்க. குட்டி போனா வராது.”

“அப்படின்னா நாளையிலேர்ந்து நீ காவலுக்கு வராதே!”

“காவல்தானே வேணாங்கிறீங்க? உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே” என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இவளோடு மல்லுக்கட்ட நாளில்லை. ஆவுடையப்பன் நீளமாக ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டி அந்த மூலையையே மறைத்தார். கூட்டிய தரையில் மரத்துக்கு மரம் கோலமும் போடச் சொன்னார்.

நாற்பதாம் நாள் காலையில் அரசர் பல்லக்கில் வந்திறங்கினார். பின்னால் கோடரியோடு நூறு பேர். அரசர் சுற்றிலும் பார்த்தார். “பறப்பது ஒன்று, நடப்பது ஒன்று, ஊர்வது ஒன்று காட்டுங்கள். அது போதும்” என்றார்.

பறப்பதைத் தேடினார்கள். அரண்மனைச் சோற்றுப் பானையைத் துரத்திவந்த காக்கை ஒன்று இருந்தது. நடப்பதைத் தேடினார்கள். பல்லக்குத் தூக்கிகள்தான் நடந்தார்கள். ஊர்வதைத் தேடினார்கள். அரசரின் காலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. அதுவும் பல்லக்கிலிருந்து இறங்கியது.

“ஆவுடையப்பரே, முற்றம் அருமையாக இருக்கிறது. காடு எங்கே?” என்றார் அரசர். நூறு கோடரிகளும் தோளுக்கு ஏறின.

அந்த நேரம் பார்த்துத் தட்டிக்குப் பின்னால் ஒரு மரங்கொத்தி மரத்தைத் தட்டியது. ஆவுடையப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கண் கலங்கிவிட்டது.

“அந்த மறைப்புக்குப் பின்னால் என்ன?” என்றார் அரசர்.

குப்பை என்று சொல்லத்தான் ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் கால் முந்திக்கொண்டது. ஓடிப்போய்த் தன் கையாலேயே தட்டியைப் பிய்த்தெறிந்தார். “அரசே, குப்பை என்று நான் மறைத்ததுதான் காடு. காடு என்று உங்களுக்குக் காட்டியது என் கடை. இதைக் காப்பாற்றியது இந்தச் சடைச்சி. இவளை வேலையைவிட்டு விரட்டியது நான்.”

சடைச்சி உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் நிறுத்தினாள். பட்ட மரத்துப் பொந்திலிருந்து மரங்கொத்தி பறந்தது. உளுத்த கட்டைக்குள்ளிருந்து உடும்பு ஊர்ந்தது. நடப்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அவள் சருகைச் சுட்டிக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சருகில் ஒரு பகுதி எழுந்து நின்றது. முயலளவுகூட இல்லாத சருகுமான் குட்டி! குச்சிக் கால்களால் நாலடி நடந்து தாயிடம் போய் ஒட்டிக்கொண்டது.

அரசர் சிரித்துவிட்டார். கோடரிகள் வந்த வழியே திரும்பின. செப்பேட்டில் மட்டும் ஒரு வரி கூடியது: ‘துடைப்பமும் வராது.’

ஆவுடையப்பன் சடைச்சியிடம் மன்னிப்புக் கேட்டு அவளை மறுபடியும் காவலுக்கு வைத்தார். கூட்டித் தள்ளிய சருகையெல்லாம் கூடை கூடையாகத் தன் தலையிலேயே சுமந்துவந்து பழைய இடத்தில் கொட்டினார். அத்தனை சுமந்தும் தலை வலிக்கவே இல்லை.

ஓர் உயிரை நம் கண்ணுக்கு அழகாக மாற்றுவதல்ல, அது வாழும் விதத்திலேயே வாழவிடுவதுதான் காவல்.