ஓடையில் இட்ட முட்டைகள்

மேல்குட்டைக் கரையில் காட்டுப்பன்றிகள் நோன்பு இருந்தன. கிழங்கு இல்லை, கோரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மழை கேட்டு ஒரே வேண்டுதல். பக்திக்குக் குறைச்சலே இல்லை! இத்தனைக்கும் குட்டையில் தண்ணீர் தளும்பிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் வேண்டுமாம்.

காய்ந்து கிடந்தது கீழ்க்குட்டைதான். மேல்குட்டை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் ஓடை வழியாக அங்கே போகும். அது காட்டு வழக்கம். கோடை தொடங்கியதுமே பன்றிகள் ஓடையின் வாயில் கல்லை உருட்டிப் போட்டு, சேற்றைக் குழைத்து அடைத்துவிட்டன. தாகம் தாங்காமல் மான்களோ முயல்களோ மேலே வந்தால் முட்டித் துரத்தின.

இதெல்லாம் ஆள்காட்டிக் குருவிக்குத் தெரியும். இலை அசைந்தாலே ஊரைக் கூட்டுகிற பறவை அது. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கும்? வறண்ட ஓடைக்குள், கூழாங்கற்களுக்கு நடுவேதான் அது முட்டை இட்டிருந்தது. தண்ணீர் வந்தால் முட்டை போய்விடும்.

இருந்தாலும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. அடைகாக்க உட்காரும், உடனே எழுந்துவிடும். கொஞ்ச தூரம் நடக்கும். திரும்பி வந்து மறுபடி உட்காரும்.

ஒரு மத்தியானம் பெண்மான் ஒன்று தன் குட்டியோடு ஓடைக்குள் இறங்கி வந்தது. குட்டி தள்ளாடி விழுந்து, கூழாங்கல்லை நக்கியது. கல் சுட்டதுதான் மிச்சம்.

"எதுக்கெடுத்தாலும் கத்துவியே தாயி, இதுக்கு ஏன் கத்தலை?" என்றது மான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

குருவிக்குச் சுருக்கென்றது. பறந்து போய்ப் பன்றிகளுக்கு நடுவே இறங்கியது.

"பட்டினி கிடந்தது போதும், எழுந்திருங்க! கீழே இருக்கிறவங்க தண்ணியை அடைச்சு வச்சுக்கிட்டு, எந்த முகத்தோட மழை கேட்கிறீங்க? முதல்ல கல்லைத் தள்ளுங்க."

தலைவன் பன்றி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "தள்ளலாம். ஆனா ஓடைக்குள்ள யாரோ முட்டை இட்டிருக்கிறதாக் கேள்வி."

மற்ற பன்றிகள் சிரித்தன.

"என்னோடதுதான்," என்றது குருவி. "அதனாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அடைச்சது நீங்க. அதுல குடும்பம் நடத்துனது நான். இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு உண்டு."

பன்றி குரலைத் தணித்துக்கொண்டது. "அட, எதுக்கு அவசரம்? உன் குஞ்சு பொரிக்கட்டும். அப்புறம் நாங்களே திறந்து விடுறோம். உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

குருவி தடுமாறிப் போனது. கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! ஆனால் அதன் கண் ஓடைப் பக்கம் போனது. மான்குட்டி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அதுவரைக்கும் அந்தக் குட்டி தாங்காது. முட்டை நான் மறுபடி இட்டுக்குவேன். செத்த குட்டியை யார் கொண்டு வர்றது?"

சொல்லிவிட்டு ஓடை வாய்க்குப் போய்ச் சேற்றைக் கொத்தத் தொடங்கியது. அந்தச் சின்ன அலகுக்கு எவ்வளவு பெயரும்? துளித்துளியாகத்தான் பெயர்ந்தது. ஆனாலும் விடவில்லை.

குட்டிகளோடு படுத்திருந்த ஒரு பெண்பன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "நானும் பிள்ளை பெத்தவதானே. இதுக்கு மேல எனக்கு வேண்டுதல் வராது" என்று எழுந்து வந்து, மூக்கால் கல்லை நெம்பியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் வந்தன. கடைசியில் தலைவனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து தோள் கொடுத்தது.

தண்ணீர் பாய்ந்தது. மான் தன் குட்டியைக் கரையோரம் தள்ளி நிறுத்த, அது முன்னங்கால் மடக்கிக் குடித்தது. முட்டைகள் இருந்த இடத்துக்கு மேலே குருவி சுற்றிச் சுற்றிப் பறந்து அழுதது. இந்த முறை எந்தப் பன்றியும் சிரிக்கவில்லை.

பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிற நோன்பு வெறும் பட்டினி. அநியாயத்தால் தனக்கு வருகிற சுகத்தையும் விட்டுவிடுவதுதான் உண்மையான மனந்திரும்புதல்.